முயல்களின் திங்கட்கிழமை

பந்தயம் என்றால் ஒருவர் முந்த வேண்டும், மற்றவர்கள் பிந்த வேண்டும். கோலாலம்பூரில் 1938ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஓட்டம் இந்த வழக்கத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. சிட்டாய்ப் பறக்கிறவரும் மூச்சு வாங்கி நடக்கிறவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே அங்கே பாதை போடுகிறார்கள். அந்த வேலைக்கென்று இரண்டு மூன்று பேர் பகலிலேயே காட்டுக்குள் இறங்கி, சேற்றில் புரண்டு, அட்டைக்கடி வாங்கி, மெய் வழி ஒன்றையும் அதைச் சுற்றிப் பொய் வழிகள் பலவற்றையும் ஜோடித்துவிட்டு வருகிறார்கள். இவர்களுக்குப் பெயர் முயல். சாயங்காலம் இவர்கள் தடத்தைத் தேடித் திரண்டு வரும் கூட்டத்துக்குப் பெயர் வேட்டைநாய். குழுவின் முழுப்பெயர் ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ். சுருக்கமாக ஹாஷ். இன்று உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் இந்த ஆட்டம் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் தாய் கோலாலம்பூர்க் குழுதான், பெயரே தாய் ஹாஷ். ஒவ்வொரு திங்கட்கிழமை மாலையும் ஓடுகிறார்கள்.

கயத்தாற்றில் பிறந்த எனக்குக் கோலாலம்பூர் ஓட்டத்தில் என்ன இவ்வளவு ஆசை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, வருகிறேன். முதலில் முயல்களின் பையைத் திறந்து பார்த்துவிடலாம். எனக்கு அதற்குமேல் பொறுக்காது!

பை நிறையக் கிழித்த காகிதம். செடிகொடியை ஒதுக்க ஒரு பாராங் கத்தி. அட்டைக்கு உப்பு. குடிக்கத் தண்ணீர். ஆயுதம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் மூளை.

வழி போடுகிறவர் சில எட்டுக்கு ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டே போகிறார். தரையில் போட்டால் மழைத்தண்ணீர் அடித்துப்போய்விடும் என்று கண்மட்டத்தில் இருக்கும் குச்சியில் குத்துவார், வேருக்கடியில் செருகுவார், பாறையில் ஈரத்தோடு ஒட்டுவார். பார்த்தால் சின்னப்பிள்ளை விளையாட்டுத்தான். ஆனால் இந்தத் தடம் ஓரிடத்தில் திடீரென்று நின்றுபோகும். அங்கேதான் ஆட்டமே ஆரம்பிக்கிறது. அந்த இடத்துக்குச் செக் என்று பெயர். அதுவரை வந்த வழியில் காகிதம் ஒழுங்காக இருந்தது. இனி எந்தப் பக்கம்? மேலே ஏறுமா, ஓடைக்குள் இறங்குமா, வந்த வழிக்கே திரும்புமா? முன்னால் ஓடி வந்த கெட்டிக்காரர்கள் நாலாபக்கமும் சிதறித் தேடுகிறார்கள். ஒருவர் மேட்டில் ஏறி நான்கு காகிதம் பார்த்துச் சந்தோஷமாகக் கத்துகிறார், ஐந்தாவது இல்லை. அது பொய்த்தடம். இறங்கி வர வேண்டும். இன்னொருவர் புதருக்குள் புகுந்து முட்கீறலோடு வெளியே வருகிறார், அங்கேயும் ஒன்றுமில்லை. இப்படி முன்னோடிகள் அலைமோதிக்கொண்டிருக்கும்போது பின்னால் நடந்து வந்தவர்கள் மெதுவாக வந்து சேர்ந்துவிடுகிறார்கள். யாரோ ஒருவர் மெய் வழியைக் கண்டுபிடித்து ‘ஆன் ஆன்!’ என்று குரல் கொடுக்கிறார். இப்போது யார் முன்னால்? சற்று முன்வரை கடைசியில் வந்தவர்!

இந்த அழகைச் சொல்லி முடியாது. வேகமானவர் அதிகத் தூரம் ஓடுகிறார், மெதுவானவர் குறைந்த தூரம் ஓடுகிறார், இருவருக்கும் பொழுது ஒன்றாகக் கழிகிறது. வேகமாக ஓடாதே என்று யாரும் யாரையும் தடுக்கவில்லை. அவருடைய வேகத்தையே தேடும் வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். தேடுகிறவர் கண்டுபிடித்தால் லாபம் எல்லாருக்கும். நான் பார்த்த, படித்த விளையாட்டுகளில் இவ்வளவு கனிவான ஏற்பாடு வேறொன்று இல்லை.

ஆகவே நல்ல முயலுக்கு வேண்டியது கால்பலம் அல்ல, மனக்கணக்கு. முதல் செக்கை மிக அருகில் வைத்தால் கூட்டம் பிரியாது. தள்ளி வைத்தால் முன்னோடிகள் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விடுவார்கள். பொய்த்தடத்தை இறக்கத்தில் போட வேண்டும், அப்போதுதான் ஏமாந்தவர் ஏறித் திரும்ப வேண்டியிருக்கும். (இதில் முயல்களுக்கு ஒரு குரூரமான ஆனந்தம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது.) மெய் வழி ஓரிடத்தில் வளைந்து, பின்னால் வருகிறவர்களின் பக்கமாகவே வந்து போக வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். கோலாலம்பூரில் ஏழேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், ஓட்டம் ஆறு மணிக்குத்தான் கிளம்புகிறது. காட்டுக்குள் இருட்டினால் காகிதம் கண்ணில் படாது. அதனால் முதுகுப்பையில் டார்ச் இல்லாமல் அனுபவசாலி யாரும் கிளம்புவதில்லை.

இத்தனைக்கும் நடுவில் வானம் வேறு! மலேசியாவில் மத்தியான வெயிலுக்குப் பிறகு மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும் மழை சாதாரணம். காலை முழுக்கக் குத்திவைத்த காகிதமெல்லாம் அரை மணியில் ஓடைக்குள் போய்விடும். முயல் என்ன செய்வார்? மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார். ஆறு மணிக்குக் கார்கள் வரிசையாக வந்து நிற்கும்போது, நனைந்த முயல் ஒன்றுமே நடக்காத முகத்தோடு ஓரமாக நிற்பார்.

இன்னொரு வகையினரையும் சொல்லியாக வேண்டும், குறுக்குவழிக்காரர்கள். பல்லாண்டு ஓடிய பெரியவர்கள் இவர்கள். முயல் யார் என்று தெரிந்தாலே போதும், அவர் மனசு எப்படி வளையும் என்று கணித்துவிடுவார்கள். கூட்டம் மலையேறும்போது இவர்கள் அடிவாரத்திலேயே சாவகாசமாக நடந்துபோய், எதிர்ப்பக்கம் தடம் இறங்கும் இடத்தில் வேர்க்காமல் நிற்பார்கள். இது ஏமாற்று அல்ல, இதுவும் ஆட்டத்துக்குள் அடக்கம். 1950இல் அரசிடம் சங்கமாகப் பதிந்தபோது எழுதிக்கொடுத்த நோக்கங்களிலேயே, வயதானவர்களுக்கு அவர்கள் நினைக்கும் அளவு வயதாகிவிடவில்லை என்று உணர்த்துவதும் ஒன்று. மற்ற நோக்கங்கள் உடற்பயிற்சி, வார இறுதி மயக்கத்தைத் தெளியவைத்தல், நல்ல தாகத்தை வரவழைத்து அதை பீரால் தீர்த்தல். அரசாங்கக் கோப்பில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்!

ஓட்டம் முடிந்ததும் வட்டமாக நிற்கிறார்கள். ஐஸ் போட்ட தொட்டி நடுவில். பாட்டு, கூச்சல், விசாரணை. முதல் குற்றவாளி எப்போதும் முயல்தான். வழி நீளமா, குட்டையா, சேறு போதவில்லையா, செக் மோசமா என்று கூட்டமே தீர்ப்புச் சொல்கிறது. புதிய காலணியோடு வந்தவர், பந்தயம் போல முந்தியடித்து ஓடியவர், எல்லாருக்கும் தண்டனை உண்டு. ஐஸ் கட்டியின் மேல் உட்காரவைப்பதும் நடக்கிறது. பிறகு சாப்பாடு. இன்று இந்த வட்டத்தில் சீனர், தமிழர், மலாய்க்காரர், வெளிநாட்டுக்காரர் எல்லாரும் நிற்கிறார்கள். பெண்கள் ஓடும் குழுக்களும் குடும்பத்தோடு ஓடும் குழுக்களும் ஊர் ஊராக முளைத்துவிட்டன. தாய் ஹாஷ் மட்டும் ஆண்கள் குழுவாகவே இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாரையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்த விளையாட்டுக்கு அந்தக் கதவு எதற்கு?

தொடங்கியவர் ஆல்பர்ட் ஸ்டீபன் இக்னேஷியஸ் கிஸ்பர்ட் என்ற கணக்காளர். ஓட்ட வீரர் அல்ல, கலகலப்பான மனிதர். மலாக்காவில் முன்பே காகிதத் தடம் பிடித்து ஓடிய ஒரு குழுவோடு ஓடிப் பார்த்தவர், கோலாலம்பூருக்கு வந்ததும் செசில் லீ, ‘ஹார்ஸ்’ தாம்சன் முதலிய நண்பர்களைச் சேர்த்து 1938 டிசம்பரில் ஆரம்பித்தார். சிலாங்கூர் கிளப்பை ஒட்டிய விடுதியில் கட்டைப் பிரம்மச்சாரி வெள்ளைக்காரர்கள் தங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பாடு சுமார் ரகம் என்பதால் அந்த இடத்துக்கு ஹாஷ் ஹவுஸ் என்று கேலிப்பெயர். அதையே குழுவுக்கும் வைத்துவிட்டார் கிஸ்பர்ட். காகிதம் போட்டுத் துரத்தும் விளையாட்டு அதற்கு முன்பே இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்களில் இருந்தது. 1868இல் அங்கே தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் என்ற சங்கமே உருவாகிவிட்டது. ஆனால் அதெல்லாம் போட்டியாகப் போய்விட்டது. போட்டியைக் கழற்றிப் போட்டது கோலாலம்பூர்தான்.

கிஸ்பர்ட் அதிக நாள் ஓடவில்லை. ஜப்பானியப் படை சிங்கப்பூரை நெருங்கியபோது 1942 பிப்ரவரி 11ஆம் தேதி அங்கே நடந்த சண்டையில் இறந்துபோனார். நான்கு நாளில் சிங்கப்பூர் விழுந்தது. போர் முடிந்து, 1946 ஆகஸ்டில் நண்பர்கள் மறுபடி ஓடத் தொடங்கினார்கள். அதற்காக டார்ச் பென்னட் என்ற நண்பர் அரசிடம் போர்ச்சேத ஈட்டுத்தொகை கேட்டு மனு போட்டார். தொலைந்த பொருள்கள் என்னவென்றால் எனாமல் குவளைகள், ஒரு தகரத் தொட்டி, இரண்டு பழைய சாக்குப்பை! செத்துப்போன நண்பன் விட்ட இடத்திலிருந்து தொடங்க அவர்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அவ்வளவே. 1962இல் சிங்கப்பூர்க் குழு பிறந்தது. 1978இல் ஹாங்காங்கில் எல்லா நாட்டுக் குழுக்களும் முதல்முறையாக ஒன்றுகூடின.

சரி, இப்போது என் ஆசைக்கு வருகிறேன்.

1938இல் இவர்கள் ஓடிய காடு எது? ரப்பர்த் தோட்டம். நம் ஆட்கள் கித்தாத் தோட்டம் என்பார்கள். கோலாலம்பூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் அதுதான் இருந்தது. வரிசை வரிசையாக மரம், வரிசைக்கு நடுவே நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப்பாதை. அந்தப் பாதையைத் தேய்த்த கால்கள் பெரும்பாலும் தமிழ்க்கால்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, உளியோடு தன் நிரைக்குப் போய், மரம் மரமாகப் பட்டையைச் சீவி, மங்கில் சொட்டும் பாலை வெயில் ஏறுமுன் வாளியில் சேர்த்து, காண்டாக்கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்தவர்கள். அவர்கள் காலையில் நடந்த தடத்தில்தான் சாயங்காலம் துரைமார்கள் காகிதத்தைத் தேடி ஓடினார்கள். முயல் போட்ட வழிக்கு முன்பே பால்மரம் சீவியவர் போட்ட வழி அங்கே இருந்தது. ஹாஷ் வரலாற்றைச் சொல்கிறவர்கள் குவளையையும் தொட்டியையும்கூட மறக்காமல் எழுதுகிறார்கள். இதையும் எழுத வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஒரு தற்செயலைக் கவனியுங்கள். அதே 1938இன் ஜூன் மாதத்தில்தான், தோட்டக் கூலியைக் குறைத்ததால் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப்பயணத்தில் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி வந்து ஊர் ஊராக ஆள் சேர்த்த காலம் அதோடு முடிந்தது. அங்கே ஏற்கெனவே இருந்தவர்களில் பெருங்கூட்டத்தைப் போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துப்போனார்கள். பலர் திரும்பவில்லை. கிஸ்பர்ட்டுக்கு உலகம் முழுக்க வட்டமாக நின்று பாட்டுப் பாடுகிறார்கள். அது சரியே. தோட்டத்திலிருந்து போய்த் திரும்பாதவர்களுக்கும் ஒரு சுற்றுப் பாடலாம்.

ஊர் வளர்ந்தது. 1931 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் இருந்த கோலாலம்பூரில் இன்று நகர எல்லைக்குள் மட்டும் சுமார் 20 லட்சம் பேர். பெட்டாலிங் ஜெயா என்ற பெரிய நகரமே ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் மேல் எழும்பியது. ஹாஷ் ஹவுஸ் கட்டடத்தை அறுபதுகளில் சாலைக்காக இடித்துவிட்டார்கள். முயல்கள் விடுகிறார்களா? சுங்கை பூலோ, ரவாங், செமினி, உலு லங்காட் என்று ஊர் துரத்தத் துரத்த வெளியே போய்க்கொண்டே இருக்கிறார்கள். போன மாதம் பார்த்துவைத்த மேடு இந்த மாதம் மண்வெட்டி இயந்திரத்தின் கீழே இருக்கும். நகரம் எந்தத் திசையில் வளர்கிறது என்று நகரத் திட்டக்காரர்களுக்கு முன்னால் முயல்களுக்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

நகரத்துக்குள்ளேயே தப்பித்து நிற்கும் பச்சைகளில் புக்கிட் கியாரா முக்கியம். அதுவும் பழைய ரப்பர்த் தோட்டம்தான். அரசு நிலத்தை எடுத்துக்கொண்டபின் மரங்கள் தாமாகவே காடாகிவிட்டன. ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் அதற்குள் தடம் அமைத்துப் பராமரிக்கிறார்கள். தோட்டத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்களோ எண்பதுகளின் தொடக்கத்தில் பக்கத்திலேயே தற்காலிகம் என்று சொல்லிக் கட்டிக்கொடுத்த நீள்வீடுகளுக்குப் போனார்கள். நூறு குடும்பம் இருக்கும். நிரந்தர வீட்டுக்காக நாற்பது ஆண்டு காத்திருந்தார்கள். 2017இல் அங்கேயுள்ள ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடி கட்டவும், அதோடு சேர்த்து இந்தக் குடும்பங்களுக்கு வீடு தரவும் அனுமதி வழங்கப்பட்டது. பூங்காவைக் காக்க அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது, 2023 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பூங்கா பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் வீட்டையும் மரத்தையும் எதிரெதிராக நிறுத்திய அந்தக் கணக்கு தப்பு. அந்தப் பச்சையை நட்டு வளர்த்தவர்களே அங்கே வீட்டுக்காக நின்றவர்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபிறகு எங்கள் ஊரைப் பார்க்கிறேன், கால் அரிக்கிறது!

கயத்தாறு திருநெல்வேலிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, நாற்கரச் சாலையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர், அல்லது பஸ் ஜன்னலில் காற்றாலை தெரியும் ஊர். தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இங்கேதான். நெல்லையும் கோவில்பட்டியும் சாலையோரமாகவே நீண்டு வருகின்றன. பிளாட் கல் நட்ட கரிசலை இப்போது எந்தப் பக்கமும் பார்க்கலாம். அதற்குள் ஒரு தடம் போட்டுப் பார்த்துவிட வேண்டாமா?

போட்டுப் பார்க்கிறேன், மனசுக்குள். காகிதம் இங்கே ஆகாது. ஆனி ஆடிக் காற்றில் முயல் குத்தின காகிதம் எட்டயபுரத்தில் போய் விழும். அரிசிமாவு போட்டால் எறும்பும் மயிலும் அரைமணியில் தடத்தைத் தின்றுவிடும். கோலப்பொடிதான் சரி. கரிசல் மண்ணில் வெள்ளைக் கோலப்பொடி! ரப்பர்க் காட்டு முயல்களுக்குக் கிடைக்காத பாக்கியம். நூறு அடிக்கு அப்பாலிருந்தே பளிச்சென்று தெரியும்.

காலம் பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும், காலணி ஒவ்வொன்றும் இரண்டு கிலோ ஏறிவிடும். வெள்ளாமை நிற்கும்போது அடுத்தவர் உளுந்தையும் மக்காச்சோளத்தையும் மிதிக்கவும் கூடாது. சித்திரை வைகாசியில் மண் வெடித்துக் கிடக்கும், கணுக்கால் உள்ளே போனால் பிசகிவிடும். ஆகவே தை கடைசியும் மாசியும். அறுப்பு முடிந்து நிலம் திறந்து கிடக்கும், வெடிப்பு இன்னும் பெரிதாகியிருக்காது, காலை வெயிலும் தாங்கும். பதநீரும் இறங்க ஆரம்பித்திருக்கும். கோலாலம்பூரின் பீர்த் தொட்டிக்குப் பதிலாக எங்கள் வட்டத்தின் நடுவில் ஒரு பானை பதநீரும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் இருக்கும். குறை சொல்ல ஆளிருக்காது.

வழி இப்படிப் போகலாம். கண்மாய்க்கரையில் ஆரம்பித்துப் பனைவரிசை ஓரமாக வண்டிப்பாதை. முதல் செக் ஓடைக்குள், மூன்று பக்கமும் மேடு. பொய்த்தடம் சீமைக்கருவேலப் புதரைச் சுற்றிப் போய் நிற்கும் (உடைமுள் ரப்பர் அடியையும் துளைத்துவிடும், அதனால் புதருக்குள் மட்டும் விடக் கூடாது). மெய் வழி ஓடைமணலிலேயே வளைந்து, பின்னால் வரும் பெரியவர்களின் பக்கமாக ஏறும். பிறகு காற்றாலைகளுக்குப் போட்ட சரள் பாதை, அங்கே சொந்தக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. ‘ஆன் ஆன்’ என்று எங்கள் அத்தைமாரும் சித்திமாரும் கத்த வேண்டியதில்லை. வழி கண்டவர் குலவை போடட்டும்! கரிசல் வெளியில் குலவை போகும் தூரம் எந்தக் குரலும் போகாது.

நான் முயலாக நிற்பேனா என்றால், மாட்டேன். ஆள் ஏற்கெனவே இருக்கிறார். அறுப்பு முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போட வருகிற கீதாரிக்கு எந்த ஓடையில் எங்கே இறங்கலாம், எந்த மேட்டில் முள் கிடையாது, எந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் இல்லை, யார் காட்டில் கேட்காமல் காலெடுத்து வைக்கக் கூடாது என்பதெல்லாம் மனப்பாடம். எப்படியும் முந்தின நாளே அவரிடம் போய்த்தான் ஆக வேண்டும், கிடை எங்கே கிடக்கிறது என்று கேட்காமல் போனால் கிடைநாய்கள் விடாது. போகிற கையோடு, ‘அண்ணாச்சி, இந்தக் கோலப்பொடிப் பையைப் பிடிங்க, எங்களைக் கொஞ்சம் சுத்தவிட்டுக் கூட்டிட்டுப் போங்க’ என்று அவரையே முயலாக நிற்கக் கேட்டுவிடலாம். வட்டத்தில் முதல் குவளைப் பதநீர் அவருக்கு. விசாரணையும் முதலில் அவருக்குத்தான்!